வேதத்தை வைத்து வந்த வாக்குவாதம், உங்களுக்கு இன்னும் உறுத்துவது எது?

தூக்கமில்லாதவள்:
நாலு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். வேதபாடக் கூட்டம், மத்தேயு 19:24, ஊசிக்காது வசனம், பணக்காரன் தேவனுடைய ராஜ்யத்தில் நுழைவதைவிட ஒட்டகம் ஊசியின் காதில் நுழைவது எளிது என்பது. உங்களுக்கே தெரியும், ‘ஊசிக்காது’ என்று எருசலேமில் ஒரு சின்ன வாசல் இருந்ததாம், சுமையை இறக்கிவிட்டு முட்டி போட்டால் ஒட்டகம் நுழைந்துவிடுமாம், அந்த விளக்கம்தான். பாடம் நடத்தியவர் எனக்கு அண்ணன் முறை, அறுபதைத் தொட்டவர். சொல்லிக்கொண்டே வந்தவர் எல்லோர் முன்னாலும் தரையில் முட்டி போட்டு, முதுகை வளைத்து, ஒட்டகமாகவே நகர்ந்து காட்டினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்தா நான் வாயைத் திறக்க வேண்டும்? “அண்ணே, அப்படி ஒரு வாசல் இருந்ததுக்கு ஆதாரமே இல்ல, பல நூறு வருஷம் கழிச்சுக் கிளம்புன கதை அது” என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. கையைத் தரையில் ஊன்றியபடியே தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தார்.

கேள்விக்குறி:
குர்ஆனிலும் அதே ஒட்டகம், அதே ஊசி, 7:40. ஆனால் அங்கே பேச்சு பணக்காரர்களைப் பற்றி இல்லை, இறைவசனங்களைப் பொய்யென்று சொல்லிப் பெருமையடித்தவர்களைப் பற்றி. ‘ஜமல்’ என்றால் ஒட்டகம், ஜீம், மீம், லாம் என்ற அதே அரபு எழுத்துகளை ‘ஜும்மல்’ என்று ஓதினால் கப்பலில் கட்டுகிற தடித்த கயிறு. நபித்தோழர் இப்னு அப்பாஸ் அப்படி ஓதியதாகத் தஃப்சீர்களில், அதாவது குர்ஆன் விளக்கவுரைகளில், வரும். மத்தேயு எழுதப்பட்ட கிரேக்கத்திலும் இதே தகராறு உண்டு, கமேலோஸ் ஒட்டகம், கமிலோஸ் கயிறு, நடுவில் ஒரே எழுத்து. பன்னிரண்டு வயதில் இதை எங்கேயோ கேட்டுவிட்டு, பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எனக்கு ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்திடம் ஓடினேன். அவர் சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்திருந்தார். ஊசியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, “ஒட்டகமோ கயிறோ, எனக்கு இந்த நூலே நுழைய மாட்டேங்குது, முதல்ல கோத்துக் குடு” என்றார். கோத்துக் கொடுத்தேன். பதில் சொன்னாரா, தட்டிக் கழித்தாரா என்று இன்றுவரை புரியவில்லை.

பழைய புத்தகம்:
நாங்கள் ஒட்டகத்துக்குச் சண்டை போடவில்லை, ஒரு ‘அ’வுக்குப் போட்டோம். சாந்தோக்ய உபநிடதம் ஆறாம் அத்தியாயம், ஒன்பது தடவை வருகிற ‘தத் த்வம் அஸி’. நீயே அது, அதாவது நீயே பிரம்மம், என்பது அத்வைதம் சொன்ன சங்கரர் வழி. துவைதம் சொன்ன மத்வர் அதை முந்தைய ‘ஆத்மா’வோடு சேர்த்துப் பார்த்து ‘அதத் த்வம் அஸி’ என்று பிரித்தார், நீ அது அல்ல. ஆத்மாவின் நெடிலுக்குள் அந்த ‘அ’ கரைந்துவிடுவதால் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். இலக்கணம் இடம் கொடுக்கும், ஆனால் இது இழுத்துப் பிடித்த பொருள் என்றேன் நான். நண்பன் ஒன்றும் பேசாமல் என் புத்தகத்தை வாங்கி, ஒன்பது இடத்திலும் பேனாவால் ‘அ’ போட்டுத் திருப்பிக் கொடுத்தான். கடைசி ‘அ’வில் தாளே கிழிந்திருந்தது. அதோடு பேச்சு நின்றது.

நடுநிலை:
முதலில் எழுதியவருக்கு: நீங்கள் சொன்னது சரியாகவே இருக்கட்டும், அதைச் சொல்லும் இடமா அது? எனக்கும் மைத்துனருக்கும் ஒருமுறை நடந்தது, ஆதியாகமம் முதல் அதிகாரத்தில் மிருகங்களுக்குப் பின் மனிதன், அடுத்த அதிகாரத்தில் மனிதன் முதலில், எது சரி என்று கத்தினோம், அவ்வளவுதான். அதில் கற்றதைச் சொல்கிறேன். ஒற்றை வசனத்தில் தொங்காதீர்கள், முன்னும் பின்னும் படியுங்கள், மத்தேயு 19:26-இல் மனிதரால் முடியாது, தேவனால் எல்லாம் முடியும் என்று வந்துவிடுகிறது, முடியாது என்பதுதானே பேச்சே, அப்புறம் வாசல் எதற்கு, கயிறு எதற்கு? இரண்டு மொழிபெயர்ப்பையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடிக்குறிப்பைத் தாண்டாதீர்கள். எதிராளியின் வாதத்தை அவரே தலையாட்டும்படி திருப்பிச் சொல்ல முடிந்தால் மட்டும் மறுத்துப் பேசுங்கள். பெரியவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் கேள்வியாகக் கேளுங்கள். முக்கியமாக, கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களோடு வசனத்தை வைத்து வாதாடவே வேண்டாம், அவர்களுக்கு அது வெறும் தாள்.

வெறும் வாசகன்:
வெறும் தாளா? எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அப்பாவின் கடைசி மாதத்தில் தினமும் பைபிளின் யோபு புத்தகத்தைப் படித்துக் காட்டியது நான்தான். 13:15, அவர் என்னைக் கொன்றுபோட்டாலும் அவர்மேல் நம்பிக்கையாயிருப்பேன். நீங்கள் சொன்ன அடிக்குறிப்பை நான் தாண்டவில்லை. எபிரெயத்தில் எழுதியிருப்பது ‘லோ’, இல்லை என்று பொருள், அப்படியானால் எனக்கு நம்பிக்கை இல்லை என்று வரும். ஓரக் குறிப்பு வேறு எழுத்தில் படிக்கச் சொல்வதும் ‘லோ’தான், அதற்கு ‘அவருக்கு’ என்று பொருள். இருபது வருடம் அப்பாவோடு கடவுள் உண்டா இல்லையா என்று மல்லுக்கட்டியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் கண்ணை மூடிக்கொண்டு, “அத இன்னொரு தடவ படி” என்றார். அவருக்குப் பிடித்த மாதிரியே படித்தேன். நாலாவது தடவை பார்க்கிறேன், என் கட்டைவிரல் அந்த அடிக்குறிப்பை மறைத்துக்கொண்டிருக்கிறது. கண்ணை மூடியிருக்கிற மனிதரிடம் எதை மறைத்தேன்? இதற்கு யாரும் யோசனை சொல்ல வேண்டாம்.

தூக்கமில்லாதவள்:
நடுநிலை, தனியாகத்தான் சொல்லியிருக்க வேண்டும், சரி. வாசல் இல்லை, அதில் மாற்றமில்லை. ஒன்றை எழுத விட்டுவிட்டேன். அண்ணனுக்கு முட்டி பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை. நான் கை நீட்டினேன். அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.