தோற்றுப்போன பிரகடனத்துக்குத் தனிக் கட்டுரை எதற்கு என்று கேட்டார்கள்

இணையக் கலைக்களஞ்சியத்தில் நான் அதிகம் மல்லுக்கட்டியது பொகோட்டா பிரகடனக் கட்டுரைக்காகத்தான். பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஒன்றும் நினைவுக்கு வராது, அதனால்தான் அதற்கு நீக்கல் வேண்டுகோளும் வந்தது.

1976 டிசம்பர் 3 அன்று பிரேசில், கொலம்பியா, காங்கோ, ஈக்வடார், இந்தோனேசியா, கென்யா, உகாண்டா, அன்றைய ஜயர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆகிய எட்டு நாடுகளின் பிரதிநிதிகள் பொகோட்டா என்ற கொலம்பியாவின் தலைநகரில் கையெழுத்திட்டது அது. எல்லாம் நிலநடுக்கோட்டு நாடுகள். தங்கள் நிலத்துக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள புவிநிலைச் சுற்றுப்பாதைத் துண்டு (செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் பாதை) தங்களுக்கே சொந்தம், அங்கே செயற்கைக்கோளை நிறுத்துகிறவர்கள் தங்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள்.

நீக்கச் சொன்னவரின் வாதம் எளிது. விண்வெளியை எந்த நாடும் சொந்தம் கொண்டாட முடியாது என்று 1967 விண்வெளி உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு சொல்லிவிட்டது, விண்வெளி வல்லரசு எதுவும் இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை, எனவே சுற்றுப்பாதை பற்றிய கட்டுரையில் இரண்டு வரி போட்டால் போதும் என்றார். அவர் சொன்ன தகவல்கள் எல்லாம் சரிதான், ஆனால் ஒரு பிரகடனம் தோற்றதா ஜெயித்ததா என்பதை வைத்து அது குறிப்பிடத்தக்கதா, அதாவது தனிக் கட்டுரைக்குத் தகுதியுள்ளதா, இல்லையா என்று முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடே இல்லை.

கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நான் முன்வைத்தது இதைத்தான்: இந்தச் சுற்றுப்பாதை பூமியின் ஈர்ப்பு விசையால் மட்டுமே இருக்கிறது, ஆகவே அதை விண்வெளி என்றே கருதக் கூடாது என்று அந்த ஆவணம் வாதிடுகிறது. அது தவறான வாதம் என்று காட்டுவதற்காகவே விண்வெளிச் சட்டம் எழுதுகிறவர்கள் எத்தனையோ பக்கங்கள் செலவழித்திருக்கிறார்கள், கையெழுத்திட்ட நாடுகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் உட்பட. கொலம்பியாவோ 1991 அரசியலமைப்பின் 101ஆவது பிரிவில் தன் சுற்றுப்பாதைத் துண்டை நாட்டின் பகுதியாகவே எழுதி வைத்திருக்கிறது. இவ்வளவையும் வேறொரு கட்டுரையின் இரண்டு வரிக்குள் எப்படி அடைப்பது? கடைசியில் கட்டுரை நின்றது.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்தது. ஒரு சின்னக் கட்சியின் மாநாட்டுப் பிரகடனம் பற்றி ஒருவர் கட்டுரை எழுதியிருந்தார், நல்ல நடை, அடியில் நீளமான மேற்கோள் பட்டியல். ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே பத்தி, ஒரே எழுத்துப்பிழை உட்பட. கட்சி அனுப்பிய செய்திக்குறிப்பை அப்படியே போட்டிருக்கிறார்கள். அதற்கு மறுப்பு எழுதியவரும் இல்லை, பின்னால் யாராவது ஆராய்ந்ததாகவும் தெரியவில்லை. நீக்கலாம் என்றுதான் வாக்களித்தேன். எழுதியவருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, அது எனக்கும் புரிந்தது, அவர் உழைப்பு நிஜமான உழைப்பு. அதனால் கட்சி பற்றிய கட்டுரைக்குள் ஒரு பத்தியாகச் சேர்த்து, பழைய தலைப்பைத் தேடி வருகிறவர்கள் அங்கே போய்ச் சேரும்படி ஒரு வழிமாற்றும் போட்டுக் கொடுத்தேன்.

அப்புறம் இந்த மாதிரி எது வந்தாலும் நான் முதலில் தேடுவது அதை யார் எதிர்த்து எழுதினார்கள் என்பதைத்தான். ஆதரித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த ஆட்களாக இருப்பார்கள். சம்பந்தமில்லாத ஒருவர் உட்கார்ந்து பக்கம் பக்கமாக மறுக்கிறார் என்றால் அந்த ஆவணத்தில் ஏதோ இருக்கிறது.

பொகோட்டா கட்டுரையில் இந்தோனேசியா பகுதி இன்னும் மெலிசாகத்தான் இருக்கிறது. பிரகடனத்துக்குச் சில மாதம் முன்பு, 1976 ஜூலையில்தான், அவர்களுடைய பலாப்பா செயற்கைக்கோள் ஏவப்பட்டது. கையெழுத்துப் போட்டபோது அந்தப் பாதையில் அவர்களுக்கே ஒரு செயற்கைக்கோள் இருந்தது என்பது பெரிய விஷயம், ஆனால் அது பற்றி அந்நாட்டு ஏடுகள் என்ன எழுதின என்பதை அந்த மொழி தெரிந்தவர்தான் எடுத்துத் தர முடியும். யாருக்காவது தெரியும் என்றால் பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி போடுங்கள், சேர்ந்து எழுதலாம்.