பேஸ்மென்ட் சூடுதரை: அடியில் ஃபோம் போட்டவர்கள், போடாதவர்கள் எழுதுங்கள்

ஸ்காபரோவிலிருந்து (எல்லாரும் டொரன்டோப் பக்கம்தான்):
பேஸ்மென்ட்டில் அம்மாவுக்கு அறை. கொங்கிரீட்டில் நேரே ஹீட்டிங் மேட் (சூடாகும் மின்கேபிள் பதித்த விரிப்பு), மேலே டைல்ஸ். "மண்ணுக்குள்ளே குளிர் குறைவு அண்ணை, ஃபோம் வீண் செலவு" என்றார் வேலைக்கு வந்தவர். நானும் தலையாட்டினேன். தை மாதம் ஒரு விடியற்காலை இறங்கிப் பார்த்தால் தெர்மோஸ்டாட் 28இல், தரை 20. இரவு முழுக்க ஓடியிருக்கிறது! அம்மா இரண்டு சோடி சொக்ஸ் போட்டு, காலை மடக்கிக் கட்டிலில் இருந்தா. "தரை சுடுமென்றாய் தம்பி" என்று மட்டும் கேட்டா. ஏசியிருந்தால் பரவாயில்லை. ஹைட்ரோ பில்லை, அதுதான் கரண்ட் பில்லை, பற்றி எழுத மனமில்லை.

பிராம்ப்டனிலிருந்து:
எங்களுக்கு ஃபோமுக்குப் பதில் வெள்ளி நிறக் குமிழித் தாள். சூட்டை அப்படியே மேலே திருப்பிவிடுமாம். இரண்டாவது வருஷம் ஒரு மூலையில் லேமினேட் உப்பியது. பலகையைப் பெயர்த்துத் தாளைத் தூக்கினேன். அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், மழையில் நனைந்த அரிசிச் சாக்கு நாற்றம். அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. என்னைக் கேட்டால் போலித்தீன் விரித்தாலே போதும், ஃபோமெல்லாம் தேவையில்லை.

மார்க்கம் நகரிலிருந்து:
பிராம்ப்டன் நண்பர் இரண்டையும் குழப்புகிறார். போலித்தீன் ஈரத்தைத் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. வெள்ளித் தாளுக்கு எதிரே காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். இரண்டு பக்கமும் அழுத்திப் படுத்துவிட்டால் அது வெறும் தாள். ஸ்காபரோ அண்ணை, உங்கள் மேட் முதலில் மண்ணைத்தான் சூடாக்கியது. மண் உறையாது, சரி. ஆனால் 10 பாகையில் கிடக்கும் மண் எவ்வளவு கொடுத்தாலும் குடிக்கும்.

என் கதை சின்னது. டைல் ஒட்டும்போது கரண்டி பட்டு கேபிள் அறுந்தது, சீமெந்து இறுகிய பிறகுதான் தெரிந்தது. அதனால் சொல்கிறேன்: பெட்டியைத் திறந்ததும், விரித்ததும், ஒட்டியதும் மூன்று தரம் ஓம் மீட்டரால் கேபிளின் மின்தடையை அளந்து பாருங்கள். கேபிளை வெட்டாதீர்கள், ஒன்றின் மேல் ஒன்று போடாதீர்கள். அதற்கும் முன்னால், 18 அங்குலச் சதுரப் போலித்தீனை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் தரையில் விடுங்கள். அடியில் நீர் கோத்தால் ஃபோம் வாங்கப் போகாமல் முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காய்ந்திருந்தால் எக்ஸ்பிஎஸ் பலகை, அதாவது கெட்டியான ஃபோம் பலகை. சூட்டைத் தடுக்கும் அளவை 'ஆர்' என்பார்கள்: அங்குலத்துக்கு ஆர்-5, இரண்டு அங்குலம் என்றால் ஆர்-10. மூட்டுகளை டேப்பால் மூடி, மேலே பிளைவுட் இரண்டு அடுக்கு, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல். சுவரோரமும் ஒரு துண்டு ஃபோம் வையுங்கள், எல்லாரும் மறப்பது அதைத்தான்.

ஏஜாக்ஸிலிருந்து:
மார்க்கம் அண்ணா சொன்ன மாதிரியேதான் நாங்களும் செய்தோம். தரை அருமையான சூடு, அதில் குறையில்லை. ஆனால் ஃபோம், பிளைவுட், டைல் எல்லாம் சேர்ந்து மூன்று அங்குலத்துக்கு மேல் உயர்ந்துவிட்டது, கடைசிப் படி பாதியானது. அதை யாரும் சொல்லவில்லையே! அம்மம்மா பழக்கத்தில் காலை முழுசாக இறக்கினா, தரை முன்னாலேயே வந்துவிட்டது. கையில் தேநீர்க் கோப்பை. கோப்பை போனதே ஒழிய அவவுக்கு ஒன்றுமில்லை. இப்போது அந்தப் படியில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். அம்மம்மா அதற்குப் பிறகு கீழே இறங்குவதில்லை.