முதல் வேலையின் பி.எஃப்.: எடுப்பதா, மாற்றுவதா?

கேள்வி: 3 வருடம் வேலை பார்த்த கம்பெனியை விட்டு அடுத்ததில் சேர்ந்தாச்சு. பழைய பி.எஃப். கணக்கில் 50,000 ரூபாய் இருக்கு. சின்னத் தொகைதானே, எடுத்துடலாமா, இல்லை புதுக் கம்பெனிக் கணக்குக்கு மாற்றணுமா?

பதில் 1: வேண்டாங்க. வட்டி 8% என்று வைத்தாலே, 30 வருடத்தில் அது 5 லட்சம். 5 வருடம் முடியாமல் எடுத்தால் வருமான வரியும் உண்டு. 50,000-ஐத் தொட்டாலே, பான் இணைத்திருந்தாலும், பொதுவாக 10% வரி பிடித்துக்கொண்டுதான் தருவாங்க.

பதில் 2: பெரிய அடி பென்ஷனில். படிவம் 10சி போட்டு பி.எஃப்.-ஓடு சேர்ந்த பென்ஷன் பணத்தையும் எடுத்தால் 3 வருட சர்வீஸ் அழிந்துவிடும். மாதப் பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருடம் வேணும். கணக்கு: சம்பளம் × சர்வீஸ் ÷ 70. பென்ஷன் கணக்கிடும் சம்பள வரம்பான 15,000-க்கு 3 வருடம் போனால் மாதம் சுமார் 643 ரூபாய், ஆயுள் முழுக்க. நீங்க விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதிவு செய்ததா என்று முதலில் பாருங்க. அது இல்லாமல் மாற்றம் நகராது. மாற்றிய பிறகு பாஸ்புக்கில் பென்ஷன் பத்தி 0 காட்டும். பதறாதீங்க, சர்வீஸ் ஹிஸ்டரியில் (வேலை பார்த்த கம்பெனிகளின் பதிவு) இரண்டு கம்பெனியும் இருக்கணும், அதுதான் முக்கியம்.

பதில் 3: சம்பளமும் இப்படித்தான், ஆரம்பத்தில் இருக்கும் சின்ன வித்தியாசம் போகப்போகப் பெரிசாகும். 20,000-லும் 25,000-லும் தொடங்கிய இருவருக்கும் ஆண்டுக்கு 8% உயர்வு என்றால், 20 வருடத்தில் 5,000 இடைவெளி 23,300 ஆகிவிடும். புது இடத்தில் பழைய சம்பளச் சீட்டை வைத்துப் பேச விடாதீங்க. அந்த வேலைக்குச் சந்தையில் என்ன தர்றாங்களோ அதைக் கேளுங்க.