செரலுங்கா பரோலோ 2019: இவ்வளவு துவர்ப்பு ஏன்? அடுத்த பாட்டிலை எப்போது திறக்கலாம்?

மலைச்சரிவு (கேள்வி):

2023 அக்டோபரில் இத்தாலியின் பீட்மான்ட் பகுதியிலுள்ள லாங்கே குன்றுகளுக்குச் சென்றிருந்தேன். செரலுங்கா தால்பா ஊரில், ஐந்து ஹெக்டேர் தோட்டம் மட்டுமே வைத்திருக்கும் ஒரு குடும்பத்தாரிடம் 2019ஆம் ஆண்டு அறுவடையின் பரோலோ ஒயின் இரண்டு பாட்டில்கள் வாங்கினேன். தோட்டத்தையும் நிலவறையையும் தந்தையும் மகளும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் ஆளுயரத்துக்கும் மேலான மரப் பீப்பாய் ஒன்றின் மீது ஏணி சாய்த்து ஏறி, அதன் வாயில் கண்ணாடிக் குழாயை இறக்கி, மேல்நுனியைக் கட்டைவிரலால் அடைத்து எடுத்து, எங்கள் கோப்பைகளில் விரலளவு ஊற்றித் தந்தார். அந்த மணம் இன்னும் நினைவில் இருக்கிறது.

சென்ற வாரம் முதல் பாட்டிலைத் திறந்தேன். நிறம் நான் எதிர்பார்த்ததைவிட மிகவும் வெளிறியிருந்தது. கோப்பைக்குப் பின்னால் வைத்த விரல்கள் தெரிந்தன. மணம் அதிகம் எழவில்லை. ஒரு மிடறு குடித்ததும் கடுக்காய் மென்றதுபோல ஈறும் நாக்கும் இறுகிப்போயின. பாட்டிலில் ஏதேனும் குறை இருக்குமா, அல்லது இந்த ஒயினின் இயல்பே இதுதானா? கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. ஆகவே இரண்டாவது பாட்டிலையாவது உரிய காலத்தில் திறக்க விரும்புகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

நெடுவழி:

நண்பரே, நீங்கள் சொல்லும் அடையாளங்களில் குறை எதுவும் தெரியவில்லை. தக்கையில் பூஞ்சைக் கோளாறு இருந்திருந்தால், நனைந்து காயாத அட்டைப்பெட்டியின் வாடை முதலில் மூக்கில் ஏறியிருக்கும். நீங்கள் சந்தித்தது நெபியோலோ திராட்சையை, அதுவும் அதன் இளமையில்.

பரோலோ முழுக்க முழுக்க நெபியோலோவிலிருந்து மட்டுமே செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். இந்தத் திராட்சை வசந்தத்தில் முதலில் துளிர்த்து, கடைசியில் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். தோலில் நிறமி குறைவு, ஆனால் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிக அதிகம். புளிப்பும் தூக்கலாகவே இருக்கும். அடர்ந்த நிறமென்றால் கனமான ஒயின், வெளிறிய நிறமென்றால் மெல்லியது என்று நாம் பழகிவைத்திருக்கும் கணக்கு நெபியோலோவிடம் செல்லாது. பார்வைக்கு வெளிறியதாக இருந்துகொண்டே வாயை இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் குணம்.

அதோடு, நீங்கள் வாங்கியது செரலுங்கா. பரோலோ என்ற பெயருக்கு உரிமையுள்ள 11 ஊர்களில், மேற்கே லா மோரா, பரோலோ ஆகிய ஊர்களின் பக்கம் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண் மிகுதி; அங்கே விளைவது மணத்தில் முந்திக்கொண்டு, ஓரளவு விரைவில் கனியும். கிழக்கே செரலுங்கா முகட்டில் சுண்ணாம்புக் களிமண்ணும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். அங்கத்திய ஒயின் இறுக்கமானது, நெடுங்காலம் நிற்பது. போதாக்குறைக்கு 2019 கட்டுக்கோப்பான ஆண்டு என்று பெயரெடுத்தது. அறுவடை ஆண்டின் நவம்பர் 1 தொடங்கி 38 மாதங்கள் முதிர்ந்த பிறகே பரோலோ விற்பனைக்கு வரலாம். அதில் 18 மாதங்களாவது மரத்தில் இருக்க வேண்டும். அதாவது 2019 பரோலோ 2023 ஜனவரியில்தான் வெளியுலகைப் பார்த்தது. விற்க அனுமதி கிடைத்துவிட்டதால் குடிக்கும் பருவம் வந்துவிட்டது என்று ஆகிவிடாது. இரண்டாவது பாட்டிலை 2030க்கு முன் தொடவேண்டாம் என்பேன்.

தக்கைத்திருகி:

விலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. மேலே சொன்ன குடும்பத்தின் கணக்கையே போட்டுப் பார்ப்போம். பரோலோவுக்கு ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 8 டன் திராட்சைதான் எடுக்கலாம். அதிலிருந்து 5,440 லிட்டர் ஒயின் கிடைக்கும்; முக்கால் லிட்டர் பாட்டில்களாக்கினால் ஏறத்தாழ 7,250. ஐந்து ஹெக்டேரும் பரோலோவுக்கே என்று வைத்துக்கொண்டாலும், எதுவும் தவறாமல் நடந்த ஆண்டில்கூட 36,300 பாட்டில்களைத் தாண்ட முடியாது. அக்கறையுள்ளவர்கள் கோடையில் பச்சைக் குலைகளை வெட்டிக் குறைப்பதால் உண்மையில் இன்னும் குறைவாகவே வரும். ஒரு கல்மழை பெய்தால் அதிலும் பாதி போகும். அந்தக் குடும்பம் மூன்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு காசும் வாங்காமல் ஒயினை நிலவறையில் வைத்துக் காக்கிறது. நல்ல சரிவில் ஒரு ஹெக்டேர் நிலம் பத்து லட்சம் யூரோவுக்கும் மேல் போகிற இடத்தில், பெரிய நிறுவனங்களுக்கு விற்றுவிட்டுப் போகாமல் இவர்கள் உழுதுகொண்டிருப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

1960கள் வரை லாங்கேயின் சிறு விவசாயிகளில் பெரும்பாலோர் திராட்சையை வணிகர்களிடம் விற்றார்கள்; அந்த ஆண்டு வணிகர் சொன்னதுதான் விலை. தம் பெயரில் பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியது அவர்களுக்குக் கிடைத்த பெரும் விடுதலை. ஆகவே லேபிளைக் கவனித்துப் படியுங்கள். 'அசியெண்டா அக்ரிகோலா' என்று இருந்தால், தாங்களே பயிரிடும் தோட்டங்களின் திராட்சையிலிருந்து மட்டுமே, தங்கள் இடத்திலேயே செய்யப்பட்ட ஒயின் என்று பொருள். ஐரோப்பியச் சட்டம் அந்தச் சொல்லுக்கு இந்த நிபந்தனையை விதிக்கிறது. கழுத்தில் ஒட்டியுள்ள எண்ணிட்ட அரசுப் பட்டை, உயர்தரத் தகுதியான டிஓசிஜி பெற்றதற்கான சான்று. பரோலோவுக்கு அந்தத் தகுதி 1980இல் கிடைத்தது.

பழம்பீப்பாய்:

நெடுவழி அவர்கள் சொன்ன மண் விவரங்களை ஏற்கிறேன். ஆனால் திறக்கவேண்டிய ஆண்டைக் குறித்து அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாது. செய்தவர் யார் என்பதும் மண்ணைப் போலவே முக்கியம். மலைச்சரிவு அவர்கள் பார்த்தது ஆளுயரத்துக்கும் மேலான பீப்பாய் அல்லவா? அது 'போட்டே' எனப்படும் பழைய முறைக் கலம். பல ஆயிரம் லிட்டர் கொள்ளும், பல பத்தாண்டுகள் உழைக்கும், தன் மணத்தை ஒயினுக்குள் அதிகம் ஏற்றாது. 225 லிட்டர் மட்டுமே கொள்ளும் பிரெஞ்சு 'பாரிக்' வேறு வகை. புது மரத்தின் வனிலா மணமும் இனிப்புச் சாயலும் ஒயினில் ஏறும், இளமையிலேயே குடிக்க இதமாக இருக்கும்.

இந்த இரண்டுக்கும் நடுவே லாங்கேயில் நடந்தது குடும்பங்களைப் பிரித்த சண்டை. லா மோராவின் எலியோ அல்தாரே 1983இல் தன் தந்தையின் பழைய பீப்பாய்களை மின்ரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்; தந்தை அவருக்குச் சொத்தில்லை என்று சொல்லிவிட்டார். எதிர்ப்பக்கத்தில் பரோலோ ஊரின் பர்தோலோ மஸ்கரெல்லோ, ஏறத்தாழ ஐந்து ஹெக்டேரை வைத்துக்கொண்டு, நான்கு தோட்டங்களின் திராட்சையை ஒன்றாகக் கலந்து ஒரே பரோலோவாகத் தருவதைக் கடைசி வரை விடவில்லை. இத்தாலிய அரசியல் தலைவர் பெர்லுஸ்கோனியையும் சேர்த்து, 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று தன் கையாலேயே லேபிள் வரைந்தவர் அவர். 2005இல் அவர் மறைந்த பின் மகள் மரியா தெரேசா அதே முறையில் தொடர்கிறார். நான் அவர்கள் பக்கம் நிற்பவன். அதை மறைக்க விரும்பவில்லை. இன்று இரு தரப்பாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டு நெருங்கி வந்துவிட்டார்கள் என்பதும் உண்மை.

பழைய முறைக்காரர்கள் திராட்சைத் தோலைச் சாற்றுக்குள் ஒரு மாதம், சில வேளை அதற்கும் மேல் ஊறவிடுவார்கள். அப்படிச் செய்த செரலுங்கா என்றால் 2030கூட முந்தியதுதான். முதல் பாட்டிலில் மிச்சம் வைத்திருக்கிறீர்களா?

மலைச்சரிவு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாதிப் பாட்டிலைத் தக்கை போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் மாலை எடுத்து, குளிர் தணியவிட்டுக் குடித்துப் பார்த்தபோது காய்ந்த ரோஜா மணம் தெளிவாக எழுந்தது. அதற்கடியில் தாரின் வாடைபோல ஒன்று. துவர்ப்பு அப்படியேதான் இருந்தது, ஆனால் அதன் முனை மழுங்கியிருந்தது. நிலவறையில் ஊற்றித் தந்ததன் மணம் அதுதான் என்று உடனே தெரிந்துகொண்டேன். லேபிளில் 'அசியெண்டா அக்ரிகோலா' என்றே இருக்கிறது.

பழம்பீப்பாய்:

ரோஜாவும் தாரும் நெபியோலோவின் கையெழுத்து. உங்கள் பாட்டில் நலமாக இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இரண்டாவதை வெளிச்சமும் அதிர்வும் படாத இடத்தில், 12 முதல் 14 டிகிரி வெப்பத்தில், தக்கை எப்போதும் நனைந்திருக்கும்படி படுக்கவைத்து விடுங்கள். 2032 வாக்கில் திறக்க நினைத்தால், இரண்டு நாள் முன்னதாக நிமிர்த்தி வையுங்கள். வண்டல் அடியில் தங்கும். திறந்ததும் கொஞ்சம் ஊற்றி மணம் பாருங்கள். அப்போதும் இறுகியிருந்தால் அகன்ற குடுவைக்கு மாற்றி மூன்று மணி நேரம் காற்றாட விடலாம். மணம் தானாக எழுந்தால் குடுவை தேவையில்லை, பாட்டிலிலிருந்தே மெதுவாக ஊற்றிக் குடிக்கலாம்.