பேட்ச் அனுப்பி 3 வாரமாச்சு, மெயின்டெய்னர் பதிலே போடலை. அவரைத் தாண்டிப் போகலாமா?

கேள்வி:
லினக்ஸ் கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஒரு சின்ன டிரைவருக்கான பிழைத் திருத்தம், அதுதான் நான் அனுப்பின பேட்ச். மெயிலிங் லிஸ்ட்டில் ஒருத்தர் படிச்சுட்டு ரிவ்யூட்-பை (படிச்சுப் பார்த்தேன், சரிங்கற குறிப்பு) கொடுத்துட்டார். மெயின்டெய்னர் (அந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர்) பக்கமிருந்து சத்தமே இல்லை. ரிவ்யூ கிடைச்சா போதாதா? மெயின்டெய்னர் அதிகாரம் எதுவரைக்கும் போகும்? நேரா லினக்ஸை உருவாக்கின லைனஸ் டோர்வால்ட்ஸுக்கே அனுப்பிடலாமா?

பதில் 1:
முதலில் காலண்டரைப் பாருங்கள். ஒரு பதிப்பு வெளியானதும் 2 வாரம் மெர்ஜ் விண்டோ, அதாவது அடுத்த பதிப்புக்கான மாற்றங்களை லைனஸ் சேர்த்துக்கொள்ளும் காலம். ஏற்கெனவே சேர்த்து வைத்ததை மேலே அனுப்பும் வேலையே அப்போது தலைக்கு மேல் இருக்கும். புதுப் பேட்சைப் பெரும்பாலோர் தொடமாட்டார்கள். நெட்வொர்க்கிங்கில் அடுத்த பதிப்புக்கான நெட்-நெக்ஸ்ட் கிளையையே மூடிவிடுவார்கள். உங்கள் 3 வாரத்தில் இந்த 2 வாரம் வந்திருந்தால் அதைக் கழித்துவிடுங்கள்.

அடுத்து, கெர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்டைப் பேட்ச் மீது ஓட்டுங்கள்; யாருக்கு அனுப்ப வேண்டும் என்று அது சொல்லும். பேட்ச் லிஸ்ட்டுக்கு மட்டும் போய், மெயின்டெய்னர் பெயர் ‘டூ’வில் (பெறுநர் வரி) இல்லாமல் போவது அடிக்கடி நடக்கும் தவறு. லிஸ்ட்டில் வரும் ஒவ்வொன்றையும் அவர் படிப்பார் என்று நம்ப முடியாது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று பட்டியலிடும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ‘டி’ வரி காட்டும் கிட் மரத்தின் (அவர் வைத்திருக்கும் மூலநிரல் பிரதி) மீது பேட்ச் சிக்கலில்லாமல் உட்காருகிறதா என்றும் பாருங்கள். உட்காராத பேட்ச் பதிலே இல்லாமல் கிடப்பில் போய்விடும்.

எல்லாம் சரி என்றால், அதே இழையில் ஒரே வரியில் பணிவாக நினைவூட்டுங்கள். ஒவ்வொரு நினைவூட்டலுக்கும் இடையில் குறைந்தது 1 வாரம் விடுங்கள். மாற்றமே இல்லாமல் மறுபடி அனுப்பினால் தலைப்பில் ‘ரீசெண்ட்’. ஒரு வரி மாறினாலும் ‘வி2’. என்ன மாறியது என்பதைப் பேட்சில் உள்ள மூன்று கோடுகளுக்கு (---) கீழே எழுதுங்கள். அங்கே இருப்பது கமிட் செய்தியில் (மாற்றத்தோடு நிரந்தரமாகப் பதிவாகும் விளக்கம்) ஏறாது.

பதில் 2:
ரிவ்யூட்-பை ஒரு சாட்சிக் கையெழுத்துதான், அதனால் கதவு திறக்காது. மெயின்டெய்னர் தன் மரத்தில் எடுத்துக்கொண்டு தன் சைன்ட்-ஆஃப்-பை (தன் வழியாகப் போகிறது என்ற கையெழுத்து வரி) சேர்த்தால்தான் பேட்ச் நகரும். பிறகு அவருடைய மரத்தை மேலே உள்ளவர் இழுப்பார், கடைசியில் லைனஸ்.

இந்த அதிகாரத்தை லைசென்ஸ் தரவில்லை. கெர்னலின் லைசென்ஸான ஜிபிஎல் 2 உங்களுக்கும் அவருக்கும் ஒரே உரிமையைத்தான் தருகிறது. இப்போதே திருத்தி உங்கள் மரத்தில் வெளியிடலாம். அவரிடம் இருப்பது அந்த ஒரு மரத்தின் சாவி, கூடவே மேலே உள்ளவர் அவர் மீது வைத்த நம்பிக்கை. அதற்கு எல்லையும் உண்டு. 2025 பிப்ரவரியில் டிஎம்ஏ-வுக்கான (சாதனங்கள் நினைவகத்தை நேரடியாக அணுகும் முறை) ரஸ்ட் நிரல்மொழி இணைப்பு பற்றிய சண்டையில் லைனஸ் அதைத் தெளிவாக்கினார்: ரஸ்ட் வேண்டாம் என்பவர் அதைப் பராமரிக்க வேண்டியதில்லை, ஆனால் தன் இடைமுகத்தை வேறொரு பகுதி ரஸ்டிலிருந்து பயன்படுத்துவதைத் தடுக்க முடியாது. நம்பிக்கை உடைந்தால் மெயின்டெய்னரின் குறிப்பகுதியே வெளியே போகலாம். பிகேஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை கெர்னல் 6.17-இல் ‘வெளியே பராமரிக்கப்படுகிறது’ என்று குறிக்கப்பட்டு, 6.18-இல் கெர்னலை விட்டே நீக்கப்பட்டது.

கேட்டவர்:
நன்றி. பார்த்தேன், மெயின்டெய்னர்ஸ் கோப்பில் ‘எஸ்’ (நிலை) வரியில் ‘ஆட் ஃபிக்ஸஸ்’னு இருக்கு. ‘எம்’ (மெயின்டெய்னர்) வரியில் ஒரே ஒருத்தர். பொறுப்பை எனக்கு மாத்திக் கொடுங்கன்னு கேட்கலாமா?

பதில் 3:
இப்போதே கேட்காதீர்கள். ‘ஆட் ஃபிக்ஸஸ்’ என்றால் ஆள் இருக்கிறார், நேரம்தான் இல்லை. ‘ஆர்ஃபன்’ என்றால்தான் ஆளே இல்லை. தனியாகச் சுமக்கும் மெயின்டெய்னரை நெருக்கிப் பொறுப்பை வாங்குவது என்றாலே இன்று எல்லோருக்கும் எக்ஸ்இஸட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) ஞாபகம் வரும். அங்கே அப்படி உள்ளே வந்தவர் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டால் 2024 மார்ச் 29 அன்று அது வெளியே வந்தது.

அதே டிரைவருக்கு மற்றவர்கள் அனுப்பும் பேட்ச்களை ஒன்றிரண்டு பதிப்புச் சுழற்சிக்குப் படியுங்கள். உங்களிடம் அந்த வன்பொருள் இருந்தால், ஓட்டிப் பார்த்து டெஸ்டட்-பை கொடுங்கள்; எந்த மாடலில் ஓட்டினீர்கள் என்றும் எழுதுங்கள். அதன்பின் உங்கள் பெயரை ‘ஆர்’ வரியில், ரிவ்யூவராகச் சேர்க்கும் பேட்சை அனுப்பி, மெயின்டெய்னரிடம் ஆக்ட்-பை (ஒப்புதல் குறிப்பு) கேளுங்கள்.

இந்தத் திருத்தத்துக்கு லைனஸ் வேண்டாம். 2 நினைவூட்டலுக்கும் பதில் வராவிட்டால் ஒரு படி மேலே உள்ள மரத்தின் மெயின்டெய்னரை ‘டூ’வில் சேர்த்து ரீசெண்ட் செய்யுங்கள். யூஎஸ்பி டிரைவர் என்றால் அது கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். பழையவரையும் ‘டூ’விலேயே வைத்திருங்கள், கிடைத்த ரிவ்யூட்-பையைக் கமிட் செய்தியில் சேர்க்க மறக்காதீர்கள்.