சீமை அத்தி பிஞ்சிலேயே உதிர்கிறது. உள்ளே குளவி இருக்குமா?

மொட்டைமாடிக்காரன்:

தொட்டியில் வைத்த சீமை அத்திக்கு இப்போது மூன்று வயது. போன வருஷம் நாலே காய். இந்த வருஷம் இருபதுக்கு மேல் பிடித்தது. ஆனால் கோலிக்குண்டு அளவு வந்ததும் மஞ்சளாகி, லேசாகத் தொட்டாலே கையோடு வந்துவிடுகிறது. விழுந்த ஒன்றை பிளேடால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். வெளுத்த பஞ்சு மாதிரி சதை, நடுவே வெறும் பொந்து. கன்று வாங்கிய இடத்தில் என்ன ரகம் என்று கேட்டதற்கு, "நல்லா காய்க்கும் சார்" என்றதோடு சரி.

இதற்கு நடுவில், குளவி உள்ளே போய்ச் செத்தால்தான் அத்தி பழுக்கும் என்று மகள் எங்கோ படித்துவிட்டு வந்து சொல்ல, அசைவம் தொடாத என் அப்பா டப்பாவில் இருந்த உலர் அத்தியையும் ஒதுக்கிவிட்டார். "அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சும்மாவா சொன்னார்கள்?" என்கிறார். கோதுமைக்கும் முன்னாலேயே மனிதன் வளர்த்த மரம் அத்தி என்று மகள் இன்னொன்றும் சொல்கிறாள். இதில் எது உண்மை? என் காய் ஏன் விழுகிறது?

கத்தரிக்கோல்:

அப்பா சொன்ன பழமொழி நாட்டு அத்திக்கு. அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்க்குமே, அது. பிட்டால் பூச்சி பறக்கத்தான் செய்யும். நீங்கள் வளர்ப்பது அதற்குச் சொந்தம், அவ்வளவுதான்.

அத்தியில் நாம் பழம் என்று தின்பது உள்பக்கமாகச் சுருண்ட ஒரு பூங்கொத்து. 'அத்தி பூத்தாற்போல' என்கிறோம். அது ஒவ்வொரு காயிலும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது, கதவைச் சாத்திக்கொண்டு பூக்கிறது. காம்புக்கு எதிர்முனையில் சின்னத் துளை இருக்கும், பாருங்கள். இரண்டு மில்லிமீட்டர் குளவி அதற்குள் நெருக்கியடித்து நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும். ஆண் மரத்துக் காய் என்றால் முட்டையிட்டுச் சந்ததி பெருகும். பெண் மரத்துக் காயில் பூவின் சூல்தண்டு நீளம். முட்டை வைக்க எட்டாது. கொண்டுவந்த மகரந்தத்தை அங்கே தடவிவிட்டுச் செத்துப்போகும். மெல்லும்போது நறநறப்பது விதைதான், குளவி இல்லை.

பிரவுன் டர்க்கி, மிஷன், கடோட்டா போன்ற ரகங்களுக்குக் குளவியே வேண்டாம். மகரந்தம் படாமலே பழுக்கும். ஸ்மிர்னா வகைக்குத்தான் கட்டாயம். குளவி வராவிட்டால் அது பிஞ்சிலேயே உதிர்த்துவிடும். அப்பாவின் சந்தேகத்தையும் தள்ளிவிட முடியாது: உலர் அத்தியில் உலகத்துக்கே முதலிடம் துருக்கிக்கு, அங்கே உலர்த்துவது பெரும்பாலும் சாரிலோப் என்ற ஸ்மிர்னா வகை.

1880-களில் கலிபோர்னியாவில் ஸ்மிர்னா போத்துகளை (நடுவதற்கு வெட்டிய கிளைத் துண்டுகளை) ஆயிரக்கணக்கில் இறக்கி நட்டார்கள். உங்கள் தொட்டியில் நடப்பது அங்கே தோப்புத் தோப்பாய் நடந்தது. குளவி வேண்டும் என்றவர்களைப் பார்த்து, பட்டிக்காட்டு மூடநம்பிக்கை என்று சிரித்தவர்களும் உண்டு. அங்கே பிரெஸ்னோ ஊரில் ஜார்ஜ் ரோடிங் என்ற தோப்புக்காரர் விடாப்பிடியாக நின்றார். அல்ஜீரியாவிலிருந்து வந்த குளவி 1899-ல் அவர் தோப்பில் நிலைத்த பிறகுதான் காய் பழமானது. வேடிக்கை என்னவென்றால், குளவி வருவதற்காகக் காட்டு அத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரத்தில் தொங்கவிடும் வழக்கத்தைக் கிரேக்கத்துத் தாவர அறிஞர் தியோபிராஸ்டஸ் 2,300 வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் குளவியைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள். தொட்டி அத்தி ஒரு நாள் காய்ந்து மறுநாள் நனைந்தாலும் இதே மாதிரிதான் உதிர்க்கும்.

பழைய ஏடு:

மகள் சொன்னது ஆதாரம் உள்ள பேச்சுதான், ஆனால் வழக்கு முடியவில்லை. ஜோர்டான் பள்ளத்தாக்கில், ஜெரிகோவுக்கு வடக்கே கில்கால் என்ற இடத்தில் கரிந்துபோன ஒன்பது சிறு அத்திப்பழங்கள் கிடைத்தன. வயது சுமார் 11,400 ஆண்டு. 2006-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. மகரந்தம் படாமல் பழுத்த பழங்கள் அவை, விதை முளைக்காது, ஆகவே யாரோ கிளையை ஒடித்து நட்டிருக்க வேண்டும் என்பது கட்டுரை எழுதியவர்கள் வாதம். காட்டிலும் அப்படிப்பட்ட மரம் உண்டே, சும்மா பறித்துத் தின்றிருக்கலாமே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். நான் 'நட்டார்கள்' என்னும் கட்சி. பென்சில் பருமனில் ஒரு சாண் குச்சியை ஈர மண்ணில் செருகினால் தானாக வேர் விடும் மரத்தை, பசித்த மனிதன் எத்தனை நாள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான்?

பழத்தோடு போகவில்லை அதன் பயன். கிளையை ஒடித்தால் வடியும் பாலில் ஃபிசின் என்ற நொதி இருக்கிறது. அதை மாட்டுப்பாலில் விட்டால் திரிந்துவிடும். ஹோமரின் இலியட்டிலேயே இந்தத் திரிப்பு உவமையாக வருகிறது. எசேக்கியா ராஜாவின் கட்டிக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப் போட்டதாக பைபிளில் இருக்கிறது. வாத்துக்கு அத்தி ஊட்டிக் கொழுக்க வைத்த ஈரலுக்கு ரோமானியர் அத்தியின் பெயரையே வைத்தார்கள். இத்தாலியத்தில் ஈரலுக்கு வழங்கும் 'ஃபேகாதோ' அதிலிருந்து வந்ததுதான்.

அந்த மரத்துப் பாலில் மட்டும் விளையாட வேண்டாம். நான் ஒரு நாள் நல்ல வெயிலில், கையுறை இல்லாமல் கவாத்து செய்தேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் முன்கையில் பால் வழிந்த கோடு அப்படியே கொப்புளமாக எழும்பியது. அது ஆறிய பிறகும் கறுப்புத் தடம் மறைய மாசக்கணக்காயிற்று. பாலும் வெயிலும் சேர்ந்தால்தான் இந்தக் கூத்து. அந்தி சாய்ந்த பிறகு வெட்டுங்கள்.

மொட்டைமாடிக்காரன்:

இருவருக்கும் நன்றி. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தேன். அடித்துளை வழியாக வேர் விரல் தடிமனில் வெளியே வந்திருக்கிறது. உள்ளே மண்ணைவிட வேர்தான் அதிகம். ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. இன்று மாலையே பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன். இன்னும் ஆறு காய் மிச்சம் இருக்கிறது. பெரிதானதும் பறித்து வைத்துப் பழுக்கவிடலாமா?

கத்தரிக்கோல்:

கூடாது. அத்தி பறித்த பிறகு பழுக்காது. கழுத்து தளர்ந்து, பழம் தலை கவிழ்ந்து தொங்க வேண்டும். அப்போதுதான் கை வையுங்கள். காய் இருக்கும்போது தொட்டி மாற்றினால் அந்த ஆறும் விழலாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். வேரை ஒரேயடியாக வெட்டாமல் ஓரத்தை மட்டும் கலைத்துவிடுங்கள். ஒழுங்காகத் தண்ணீர் கொடுத்தும் அடுத்த வருஷம் இதே அளவில் உதிர்ந்தால் ரகம்தான் கோளாறு; பிரவுன் டர்க்கி வைத்திருப்பவர் யாரிடமாவது ஒரு போத்து கேளுங்கள்.

மொட்டைமாடிக்காரன்:

சரி. அந்த சாரிலோப் விஷயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பார்த்தாயா" என்றார். டப்பா இப்போது மகளின் மேசையில் இருக்கிறது.