மறு: ஃபெடரேஷனுக்குத் தமிழ்ச்சொல் – ‘தளவுறவு’ என்று வைக்கலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

தனித்தனியாக இயங்கும் வலைத்தளங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதை ஆங்கிலத்தில் ஃபெடரேஷன் என்கிறார்கள். நம் செய்தித் தளத்தின் தமிழ்ப் பக்கங்களில் அதற்கு என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘கூட்டாட்சி’ என்றே வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று நேற்று இரண்டு பேர் எழுதியதும், இனிமேல் சும்மா இருக்கக்கூடாது என்று இதை எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாம் திட்டமிடும் உள்ளூர்ச் செய்தித் தளத்தின் முதல் வரைவை ஆண்டிப்பட்டிப் பக்கம் செய்திப் படம் எடுக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்துப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவர், கைப்பேசியில் நன்றாகக் காணொளி எடுப்பார். கண்மாயில் ஆள் வைத்து மண் அள்ளுவதை எடுத்திருந்தார். பதிவேற்றும் பக்கத்தில் நாம் வைத்திருந்த பொத்தான் ‘கூட்டாட்சியில் வெளியிடு’. அதைப் பார்த்து அவர் கேட்டது ஒன்றுதான்: “அண்ணே, இதை அமுக்குனா கவர்மெண்டுக்குப் போயிருமா?” போகாது என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கைப்பேசியை மூடி வைத்துவிட்டார்.

அவர் தவறாகப் படிக்கவில்லை. ‘ஆட்சி’ என்று எழுதியிருந்தால் யாரும் அப்படித்தான் படிப்பார்கள். தவறு சொல்லில் இருக்கிறது.

சரி, ஃபெடரேஷன் என்று மென்பொருளில் சொல்வது என்ன? மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அஞ்சல் ஒரு நிறுவனத்தின் வழங்கியில் (சர்வரில்) இருக்கும், என்னுடையது வேறொன்றில். இரண்டும் தனித்தனி, ஆனாலும் நாம் எழுதிக்கொள்கிறோம். சமூக வலைத்தளங்களில் அதையே செய்வதற்கான நெறிமுறைதான் ஆக்டிவிட்டிபப். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதை முறைப்படி பரிந்துரைத்தது. குறும்பதிவுகளுக்கான மாஸ்டடான், காணொளிக்கான பியர்டியூப், படங்களுக்கான பிக்செல்ஃபெட் எல்லாம் அந்த ஒரே மொழியில் பேசுகின்றன. தேனியில் ஒரு தளம், யாழ்ப்பாணத்தில் ஒரு தளம், மலேசியாவின் கிள்ளானில் ஒரு தளம் என்று நாம் வைத்தால், ஒவ்வொன்றுக்கும் அதனதன் விதி, பதிவுகளைக் கண்காணிக்க அதனதன் மட்டுறுத்துநர், அதனதன் செலவு. தேனிக்காரர் யாழ்ப்பாணத்துக் கணக்கைப் பின்தொடரலாம். மேலே உட்கார்ந்து மூன்றையும் நடத்துபவர் என்று ஒருவரும் கிடையாது.

இந்தக் கடைசி வரிதான் சொல்லுக்குள் வர வேண்டும் என்பது என் கட்சி. தமிழ்நாட்டில் நாம் சொல்லும் கூட்டாட்சியில் ஒரு மைய அரசு உண்டு. மலேசியத் தோழி சொன்ன ‘கூட்டரசு’ம் அதேதான், அங்கே கூட்டரசுப் பிரதேசம் என்றால் கோலாலம்பூர் நினைவுக்கு வரும். கூட்டாட்சிக்கு இலங்கையில் வழங்கும் ‘சமஷ்டி’யைப் பற்றி யாழ்ப்பாணத்து அண்ணா எழுதியதை நான் முழுக்க ஏற்கிறேன். 1949இல் அங்கே தமிழரசுக் கட்சி தொடங்கிய காலத்திலிருந்து ஒரு மக்கள் தங்கள் அரசியல் கோரிக்கைக்கு வைத்திருக்கும் பெயர் அது. கோயில் திருவிழாக் காணொளியை ஏற்றும் பொத்தானில் அதை ஒட்டக்கூடாது.

ஆட்சியே இல்லை என்பதற்கு நடந்த சான்று ஒன்று உண்டு. 2019இல் கேப் (Gab) என்ற வலைத்தளம், வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போனது, மாஸ்டடான் நிரலை எடுத்துத் தன் தளத்தை அதில் ஓட்டத் தொடங்கியது. யாரும் எடுத்து ஓட்டக்கூடிய கட்டற்ற மென்பொருள் என்பதால் மாஸ்டடானை உருவாக்கியவர்களால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் மற்றத் தளங்களை நடத்துபவர்கள் அவரவராக முடிவெடுத்துக் கேப்புக்குக் கதவைச் சாத்தினார்கள். மேலிடத்து உத்தரவு எதுவும் வரவில்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட, டிரம்ப்பின் சமூக வலைத்தளமான ட்ரூத் சோஷியல் இதற்கு மறுபக்கம். அதுவும் மாஸ்டடான் நிரல்தான், ஆனால் வேறு எந்தத் தளத்தோடும் பேசுவதில்லை. ஆக, ஒரே மென்பொருளை ஓட்டுவதால் ஃபெடரேஷன் வந்துவிடாது. இரண்டு தளங்கள் ஒன்றையொன்று ஏற்றுக்கொண்டால்தான் அது உண்டு.

இப்போது இழையில் வந்த மற்றச் சொற்கள். ‘ஒன்றியம்’ வேண்டாம். நம் தளத்தில் பாதிச் செய்தி ஊராட்சி ஒன்றியச் செய்தியாகத்தான் இருக்கும், குழம்பிவிடும். ‘கூட்டமைப்பு’ என்றதும் தலைவர், செயலாளர், பொருளாளர் வந்துவிடுவார்கள். ‘தொடுப்பு’ இலங்கையில் நல்ல சொல்லாகவே இருக்கலாம், ஆனால் எங்கள் பக்கம் அதற்கு வேறு பொருள் உண்டு. பெண்கள் நடத்தும் தளத்தில் அதை வைக்க முடியாது.

‘கூட்டிணைவு’ எனக்கு முதலில் மிகவும் பிடித்திருந்தது. ஓசை நன்றாக இருக்கிறது, வினையாகவும் வரும். ஆனால் இலங்கைச் சட்டத் தமிழில் ‘கூட்டிணைத்தல்’ என்பது ஒரு சங்கத்தையோ மன்றத்தையோ சட்டத்தால் ஓருடலாக ஆக்குவது. நாம் சொல்ல வருவதற்கு அது நேர் எதிர். ஒரு பகுதித் தமிழருக்கு எதிர்ப்பொருள் தரும் சொல்லைத் தெரிந்தே எடுக்கக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

‘கொள்வினை கொடுப்பினை’ என்று ஒருவர் எழுதியபோது சில நிமிடம் அதிலேயே நின்றுவிட்டேன். இரண்டு வீடு, இரண்டு அடுப்பு, ஆனாலும் போக்குவரத்து உண்டு. மன வருத்தம் வந்தால் நின்றுவிடும். இவ்வளவு பொருத்தமான படம் வேறு கிடைக்காது. ஆனால் யார் யாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்தார்கள், யாரோடு வைக்கவில்லை என்பது நம் ஊர்களில் சாதிக் கணக்கு. எல்லாச் சேரிக்கும் தெருவுக்கும் பொதுவாக இருக்கவேண்டிய தளத்தில் அந்தக் கணக்கின் நிழல்கூட விழக்கூடாது. அருமையான சொல், ஆனால் வேண்டாம்.

அந்தச் சொல்லைக் கைவிட்டாலும் அதன் உள்ளே இருந்த ஒன்று என்னை விடவில்லை. உறவு. செய்தித்தாளைப் பாருங்கள்: வெளியுறவு, தூதரக உறவு, உறவு முறிந்தது, மீண்டும் உறவு ஏற்பட்டது. ஒன்றை ஒன்று ஆளாத இரண்டு நாடுகளுக்கு நடுவே இருப்பதைத் தமிழ் ஏற்கனவே இந்தச் சொல்லால்தான் சொல்கிறது. நாம் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தளங்களுக்கு இடையே உள்ள உறவு, தளவுறவு. நிலவுரிமை என்கிறோமே, அதே புணர்ச்சி.

அப்படியானால், இப்படித் தனித்து இயங்கும் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லும் இன்ஸ்டன்ஸ் என்பதற்குத் ‘தளம்’ போதும். ‘ஊர்’ என்று வைக்கலாம் என்ற யோசனை எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் ஊர் என்று தனிக் கட்டம் இருக்கிறது. ‘கிளை’ கூடவே கூடாது, மரம் எங்கே என்று கேள்வி வரும். டீஃபெடரேட் செய்வது, அதாவது இன்னொரு தளத்தோடு தொடர்பைத் துண்டிப்பது, உறவுமுறிப்பு. மணமுறிவு தெரிந்தவர்களுக்கு இது தானாகப் புரியும். வினைக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: ‘உறவு கொள்’ என்று எங்கும் எழுதிவிட வேண்டாம், செய்தித்தாள் வழக்கில் அதன் பொருள் வேறு. ‘தளவுறவு ஏற்படுத்து’ என்றே இருக்கட்டும். இப்படிப் பேசிக்கொள்ளும் தளங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் ஃபெடிவெர்ஸ் என்பதை நான் பெயராகவே விட்டுவிடுவேன்.

இனி, எனக்கு இந்தச் சொல்லைவிடவும் முக்கியமான ஒன்று. ஆங்கிலத்தில் ஃபெடரேஷன் என்ற ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. தளத்துக்கும் தளத்துக்கும் உள்ள உறவு ஒன்று. ஒரு பதிவு என் தளத்தைவிட்டு வெளியே போவது இன்னொன்று. முதலாவது, தளம் நடத்துபவரின் கவலை. இரண்டாவது, கண்மாயில் நின்று படம் எடுத்த அந்தப் பெண்ணின் கவலை. இந்த இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வைத்தால் அவருக்கு அநியாயம் செய்கிறோம்.

ஏனென்றால் வெளியே போனது திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. பதிவின் நகல் அடுத்த வழங்கியில் தங்குகிறது. பியர்டியூபில் பெரிய காணொளிக் கோப்பு பொதுவாக முதல் தளத்திலேயே இருக்கும், தலைப்பும் விவரமும்தான் மற்றத் தளங்களுக்குப் போகும். ஆனால் அடுத்த தளத்துக்காரர் விரும்பினால் கோப்பையும் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். நாம் அழித்தால் ‘அழித்துவிடுங்கள்’ என்று ஒரு செய்தி போகும். கேட்பதும் கேட்காததும் அவர்கள் கையில். செய்தியில் ஒரு பெயர் தவறாக வந்து திருத்தினாலும் அதே நிலைதான். ஆளைக் காட்டும் படத்தை ஏற்றுபவருக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் பொத்தானில் கலைச்சொல்லே வேண்டாம் என்பேன். நிர்வாகப் பக்கத்தில் ‘தளவுறவு’ இருக்கட்டும், பதிவேற்றும் பக்கத்தில் நேராகச் சொல்வோம். மொழிபெயர்ப்புக் கோப்பில் நான் மாற்றி வைத்திருப்பவை இவை:

தளவுறவு அமைப்புகள்
உறவுத் தளங்கள்
இந்தத் தளத்தோடு உறவை முறி
இந்தத் தளத்தில் மட்டும் வெளியிடு
மற்றத் தளங்களுக்கும் அனுப்பு (அனுப்பியதை முழுவதும் திரும்பப் பெற முடியாமல் போகலாம்)

கடைசி வரி நீளம்தான், சின்னத் திரையில் இரண்டு வரியாக மடங்குகிறது. மடங்கட்டும், அதைச் சுருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இலங்கை நண்பர்களிடம் ஒரு கேள்வி: ‘உறவுத் தளங்கள்’ என்றால் உங்கள் காதில் சொந்தக்காரர்கள் தளம் என்று விழுமா? விழுமென்றால் ‘உறவிலுள்ள தளங்கள்’ என்று மாற்றிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆண்டிப்பட்டி போகிறேன். அதற்குள் சொன்னால் புதிய பக்கத்தை அந்தப் பெண்ணிடமே காட்டிக் கேட்டுவிட்டு வந்து எழுதுவேன்.